மாசியில் விதைத்த சோளம்

மஞ்சுளாவைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் அவள் கோபித்துக்கொள்வதில்லை. உள்ளதைச் சொன்னால் கோபம் எதற்கு? நாயைக் கண்டால் பயம். கைபேசியில் தெரியாத எண் வந்தால் பயம். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள். புதுச்சத்திரத்துக்குக் கல்யாணமாகி வந்து பதினோரு வருஷமாகியும் நாமக்கல் நெடுஞ்சாலையைத் தனியாகக் கடந்ததில்லை. எதிர்ப்பக்கம் போகிற ஆள் யாராவது வரும்வரை காத்து நின்று, அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவாள். ஒருமுறை அப்படிப் போனபோது அந்த ஆள் பாதிச் சாலையில் நின்று ஒரு லாரிக்குக் கைகாட்டி ஏறிப் போய்விட்டார். மஞ்சுளா நடுவிலிருந்த தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றாள். டீக்கடையில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பிறந்தது பள்ளிபாளையத்தில். அப்பா விசைத்தறி ஓட்டினார். தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய மாமா ஒருவர் பழைய பேப்பர் குடோனில் வேலை பார்த்தார். எடைக்கு வந்த மூட்டையிலிருந்து ஒரு தடித்த ஆங்கில அகராதியைக் காப்பாற்றி மருமகளிடம் கொடுத்தார். அதற்கு அட்டை இல்லை, முதல் நாற்பது பக்கமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில், அது எந்த மொழியில் பிறந்து எந்தெந்த நாடு சுற்றி ஆங்கிலத்துக்கு வந்தது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

அந்தப் பொடி எழுத்துதான் மஞ்சுளாவைப் பிடித்துக்கொண்டது. சொல்லின் பொருளைப் பார்க்கவே மாட்டாள். அதைத்தான் வாத்தியார் சொல்லிக்கொடுத்துவிடுகிறாரே! நேரே கடைசி வரிக்குப் போவாள். வேரைப் பார்ப்பாள். வேர் தெரிந்துவிட்டால் சொல்லே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். சொற்கள் கடிப்பதில்லை, ஹாரன் அடிப்பதில்லை. அவள் பயமில்லாமல் இருந்த இடம் அது ஒன்றுதான். ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்தாள். நேர்முகத் தேர்வு என்றாலே கைகால் உதறியதால் வேலைக்கு மட்டும் போகவில்லை.

கணவன் மணிமாறன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர்வண்டிக்கு டிரைவர். ஐப்பசி, கார்த்திகை கழிந்ததும் வண்டியோடு வடக்கே போனால், அங்கே மழை பிடிக்கும்வரை பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். எப்போது வருவாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். “சீசன் முடிஞ்சாத்தான் வருவேன்.”

புருஷனைத் தன்னிடமிருந்து பிரித்து வைக்கிற அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் அகராதியைத் திறந்தாள். பார்த்தால், சீசன் என்பதற்கு வேர் விதைப்பு. லத்தீனில் விதைக்கிற செயலைக் குறித்த சொல், பிரெஞ்சுக்குப் போய் விதைக்கும் காலமாகி, ஆங்கிலத்துக்கு வந்தபின் எல்லாக் காலத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டதாம். மஞ்சுளாவுக்குப் புல்லரித்துப்போயிற்று. நம் ஊர்ப் பட்டம் மாதிரியே அல்லவா இருக்கிறது! ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைக்கிற மாதத்தை வைத்துத்தானே குடியானவர்கள் காலத்துக்குப் பெயர் சொல்கிறார்கள்? உடனே மணிமாறனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“அப்படியா? அந்தப் பொஸ்தகத்துல தண்ணி எத்தனை அடியில வரும்னு போட்டிருக்குதான்னு பாரு,” என்றான் அவன்.

போன வருஷம் மயில்சாமியின் விதைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்ததற்கு முக்கியமான காரணம், கடை அவள் வீடு இருக்கும் பக்கத்திலேயே இருந்ததுதான். சாலையைக் கடக்க வேண்டாம். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் விற்கிற கடை. மயில்சாமி வாங்குகிறவரின் மண், கிணறு, மாடு எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் விதையைத் தொடுவார். மஞ்சுளா பில் எழுதுவாள், அடுக்குவாள், யாராவது எதையாவது கேட்டால், “அண்ணன் வரட்டுங்க,” என்பாள். அந்த ஒரு வாக்கியத்திலேயே எட்டு மாதம் ஓட்டிவிட்டாள். அகராதி கல்லாவுக்குக் கீழே ஒரு மஞ்சப்பையில் இருக்கும்.

மயில்சாமிக்குச் சொந்த ஊர் எடப்பாடி. தைப்பூசம் முடிந்து அந்த ஊர்க்காரர்கள் காவடி கட்டிப் பழனிக்கு நடக்கும்போது அவரும் போய்விடுவார், எந்த வியாபாரமாக இருந்தாலும் சரி. இந்த வருஷமும் கிளம்பினார்.

“சோள வெத பார்சல் வரும் அம்மிணி. எறக்கி மட்டும் வை. நான் வந்து பாத்துக்கறேன். எனக்கு போன் போட்டுறாத, காவடி எடுத்திருக்கறப்ப எடுக்க மாட்டேன்.”

பார்சல் வந்தது. ஆறு பைகள், எல்லாம் வடக்கேயிருந்து வந்தவை. ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் ஆங்கிலம், தமிழ் மருந்துக்கும் இல்லை. மாசி பிறந்த மூன்றாம் நாள் கண்ணாத்தாள் கடைக்கு வந்தாள். சாலைக்கு அந்தப்பக்கம் மூன்று மைல் உள்ளே தன் காட்டிலேயே, அதாவது புன்செய் நிலத்திலேயே, குடியிருப்பவள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். புருஷன் இல்லை, மகன் திருப்பூரில். ஒன்றரை ஏக்கரும் கறவை மாடு இரண்டுமாகத் தனியாகக் காலம் தள்ளுகிறாள். செவலை, வெள்ளச்சி என்று மாடுகளுக்குப் பெயர். காலையும் மாலையும் அந்த இரண்டும் கறக்கிற பால்தான் அவளுக்குச் சோறு.

“சோளம் வேணும் சாமி. கருதும் எடுக்கோணும், தட்டும் மாட்டுக்கு ஆகோணும். இது எந்தப் பட்டத்துக்கானது?” கருது என்கிற கதிர் அவளுக்கு, தட்டு என்கிற தண்டு மாட்டுக்கு.

அண்ணன் வரட்டுங்க என்ற வாக்கியம் மஞ்சுளாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் கண் பையின் மேல் விழுந்துவிட்டது. சீசன்: ரபி. அதற்குக் கீழே, முதிர நூறு நாள். சீசன் அவளுக்குப் பழகிய சொல், உறவு மாதிரி. ரபியை மட்டும் பார்த்துவிட்டால் போதும். மஞ்சப்பையிலிருந்து அகராதியை எடுத்தாள். வழக்கம்போல் கடைசி வரிக்குப் போனாள். அரபிச் சொல்லாம். வேர், வசந்தம்.

கணக்கு நொடியில் முடிந்தது. சீசன் என்றால் விதைப்பு. ரபி என்றால் வசந்தம். ஆகவே வசந்தத்தில் விதைக்க வேண்டும். வெள்ளைக்காரனின் வசந்தம் நமக்கு மாசி, பங்குனி.

“இப்பவே வெதைக்கலாங்கம்மா,” என்றாள். சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு காரியத்தை அவள் இவ்வளவு தைரியமாகச் சொன்னதில்லை. தைரியம் வந்ததும் வந்தது, அதோடு நிற்கவில்லை. வெள்ளைத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் முத்து முத்தாக எழுதி, படித்தும் காட்டி, பைமேல் வைத்துக் கொடுத்தாள். ‘சோளம். பட்டம்: மாசி, பங்குனி. நூறு நாள்.’

கண்ணாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் தாளை மடிக்காமல் வாங்கிக்கொண்டாள். “எம்புட்டு அழகா எழுதற சாமி! கட்டுத்தாரையில ஒட்டி வெச்சுக்கறேன்.” கட்டுத்தாரை என்றால் மாடு கட்டுகிற இடம். மீதி ஐந்து பைகளுக்கும் மஞ்சுளா அதேபோல் எழுதி ஒட்டினாள். காலில் கொப்புளமும் கையில் பஞ்சாமிர்தமுமாகத் திரும்பி வந்த மயில்சாமி அலமாரியைப் பார்த்தார். தண்ணீர் கட்டி மாசியில் சோளம் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு, அதனால் ஒன்றும் கேட்கவில்லை. “பரவால்லியே அம்மிணி,” என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு மஞ்சுளா வீட்டுக்குப் போகும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. அதற்குக்கூட அவள் அவ்வளவாகப் பயப்படவில்லை.

சித்திரை கடைசியில் கண்ணாத்தாள் வேறு எதற்கோ கடைக்கு வந்தவள், சோளம் இன்னும் கருது விடவில்லை என்றாள். கிணற்றில் தண்ணீர் குறைந்துபோய், முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிறதாம். “நூறு நாள் ஆவட்டுங்கம்மா,” என்று சொல்லி அனுப்பினாள் மஞ்சுளா. சொன்னபோதே லேசாக ஒரு பயம் எட்டிப் பார்த்தது. அவளுக்குத்தான் தினமும் எட்டிப் பார்க்கிறதே, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வைகாசி பிறந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஐந்தாறு நாள் முன்னால் நல்ல கோடை மழை பெய்திருந்தது. காலை பதினோரு மணி. மயில்சாமி நாமக்கல் போயிருந்தார். விதைக் கம்பெனிக்காரர் சபரிநாதன் விற்காத சரக்கைத் திருப்பி எடுக்க வந்தார். சேலத்து ஆள், வாயாடி. சோளப் பைகளைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

“யாருக்கா இதை எழுதினது? ரபின்னா மாசியா? புரட்டாசி, ஐப்பசில விதைக்கறதுக்கா இது!”

“ரபின்னா வசந்தம்தானுங்களே?” மஞ்சுளா அகராதி இருந்த மஞ்சப்பையைப் பார்த்தபடி கேட்டாள்.

“வசந்தம்தான். ஆனா அது அறுக்கற காலம். நம்ம ஊர்ல விதைக்கற மாசத்தை வெச்சுப் பேர் சொல்றோம். அவங்க அறுக்கற பருவத்தை வெச்சுச் சொல்றாங்க. ஐப்பசில விதைச்சு மாசில அறுக்கறது ரபி. நல்லவேளை, யாருக்கும் வித்துடலையே?”

“இல்லீங்க,” என்றாள் மஞ்சுளா.

ஏன் அப்படிச் சொன்னாள்? பயத்தில் முதலில் ஓடி வருவது பொய்தான். பைகளைக் கட்டிக்கொண்டிருந்த சபரிநாதனிடம், சும்மா கேட்பதுபோல் கேட்டாள். “வித்திருந்தா என்னங்க ஆயிருக்கும்?”

“கருது வராதுக்கா, பச்சையாவே நிக்கும். அது போகட்டும். வெயில்ல வாடிக் கெடந்து, மழை பேஞ்சதும் துளிர்க்கும் பாருங்க, அதுதான் ஆபத்து. துளிர் பூரா விஷம். நாலு வாய் தின்னா மாடு அரைமணி நேரம் தாங்காது.” சொல்லிவிட்டுப் பைகளை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மஞ்சுளா நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி பதினொன்றேகால்.

கண்ணாத்தாளுக்கு போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி செய்தாள், எடுக்கவில்லை. மாட்டுக்காரியல்லவா, அவளுக்குத் தெரியாததா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். இளஞ்சோளம் மாட்டுக்கு ஆகாது என்று இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கருது வருவதற்கு முன் யாரும் போட மாட்டார்கள். பின்னே என்ன? அப்படி நினைத்த அடுத்த நொடியே, தாளில் தான் கடைசியாக எழுதியது கண்முன் வந்து நின்றது. நூறு நாள். மாசி மூன்றிலிருந்து விரல்விட்டு எண்ணினாள். அவள் சொன்ன நூறு நாள் நேற்றோடு முடிந்திருந்தது.

எழுந்து ஓடியிருக்க வேண்டும். அதைத்தான் செய்யவில்லை. போனால் சொல்ல வேண்டும். சொன்னால், பொய் சொன்னதும் தெரிந்துவிடும். மயில்சாமிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், டீக்கடையில் இதையும் சொல்வார்கள். ஒருவேளை சபரிநாதன் சொன்னது தவறாக இருந்தால்? அந்த நப்பாசையோடு அகராதியை எடுத்தாள். புரட்டிய அவசரத்தில் பக்கம் கிழிந்தது. ரபி. இந்த முறை முதல் வரியிலிருந்து படித்தாள். இந்தியாவில் வசந்தத்தில் அறுவடையாகும் பயிர் என்று, பெரிய எழுத்தில், வேருக்கு நேர் மேலே அச்சாகியிருந்தது. இத்தனை காலம் அங்கேயேதான் இருந்தது. அவள்தான் தாண்டித் தாண்டிக் கீழே போயிருக்கிறாள்.

மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாராவது கடைக்கு வந்தால் துணைக்குக் கேட்கலாம் என்று வாசலைப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. இப்படியே, எழுந்திருப்பதும் உட்காருவதுமாக, கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டே கால் ஆகும்போது ஒரு பால்காரர் கடையைக் கடந்து போனார், கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின. மத்தியானத்துக்கு மாட்டுக்குத் தீனி போடுகிற நேரம் இது என்று மஞ்சுளாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கடையைச் சாத்தக்கூட இல்லை, ஓடினாள்.

சாலை ஓரத்துக்கு வந்தாள். எதிர்ப்பக்கம் போகிற ஆள் யாரும் இல்லை. சேலம் போகிற பக்கத்தில் லாரிகள் இடைவெளி இல்லாமல் வந்தன. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடாமல் இறங்கினாள். ஒரு லாரி அவள் முந்தானையில் காற்றடித்துக்கொண்டு போனது, டிரைவர் கெட்ட வார்த்தையில் கத்தினான். தடுப்புச் சுவரில் ஏறி, அந்தப்பக்கம் குதித்து, ஒரு காரின் பிரேக் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே மறுகரை சேர்ந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அதை நினைக்க நேரமில்லை.

மண்ரோட்டில் கோழிப்பண்ணை முட்டை வண்டி ஒன்று வந்தது. கையை விரித்துக் குறுக்கே நின்று ஏறிக்கொண்டாள்.

“வேகமாப் போங்கண்ணா, உசுருப் பிரச்சனைங்க!”

“பின்னால பூராவும் முட்டைங்க அம்மிணி. இதுக்கு மேல போனா என்ர உசுருதான் பிரச்சனை,” என்றார் டிரைவர். பள்ளத்தைக் கண்டால் வண்டி நிற்கும், மேட்டைக் கண்டால் ஊரும். மஞ்சுளா பல்லைக் கடித்துக்கொண்டு, கடைச் சுவரில் தினமும் பார்த்து மனப்பாடமாகிவிட்ட மாட்டு டாக்டர் தீர்த்தகிரியின் எண்ணை அழுத்தி, யார் காடு, என்ன பயிர் என்று சொன்னாள்.

“மாடு தின்னுருச்சாம்மா?” என்றார் அவர்.

“தெரியலீங்க டாக்டர்.”

“தெரியறதுக்குள்ள செத்துரும். நான் கெளம்பிட்டேன். மேற்கொண்டு ஒரு வாய் திங்க விடாத!”

கண்ணாத்தாளின் காடு தெரியும் இடத்தில் இறங்கி ஓடினாள். சோளம் முழங்கால் உயரத்தில், மழைக்குப் பிறகு வந்த புதுத் துளிரோடு பளபளவென்று பச்சையாக நின்றது. ஓர் ஓரத்தில் நான்கைந்து சால் அறுபட்டிருந்தது. நாய் ஒன்று குரைத்துக்கொண்டு பாய்ந்து வந்து சேலையைக் கவ்வியது. அதையும் இழுத்துக்கொண்டே கட்டுத்தாரைக்கு ஓடினாள்.

“போடாதீங்கம்மா! போடாதீங்க!”

கண்ணாத்தாள் அறுத்த சோளத் தட்டின் இரண்டாம் கட்டை வெள்ளச்சியின் முன்னால் அப்போதுதான் அவிழ்த்துப் போட்டிருந்தாள். வெள்ளச்சி இரண்டு வாய் எடுத்துவிட்டது. மஞ்சுளா அதன் வாயிலிருந்து தழையைப் பிடுங்கினாள், காலால் மீதியை எட்டி எட்டித் தள்ளினாள். அந்தப்பக்கம் செவலையின் தொட்டி காலியாக இருந்தது.

“ஏன் சாமி, பைத்தியமா உனக்கு? கருது வராட்டியும் முத்துன பயிருதானே! நீதானே நூறு நாள்னு எழுதிக் குடுத்த. நேத்தோட நூறு முடிஞ்சுது, நானும் எண்ணிக்கிட்டுத்தான இருந்தேன்.”

“தப்பா எழுதிப்போட்டேனுங்கம்மா. அது ஐப்பசி வெத. அது முத்தவே இல்லீங்க, விசமுங்க…”

கண்ணாத்தாள் திரும்பிப் பார்த்தாள். செவலை தலையைத் தொங்கப்போட்டிருந்தது. விலா வேகவேகமாக ஏறி இறங்கியது. வாயிலிருந்து நுரை வழிந்தது. முன்கால் இரண்டும் நடுங்கின, பிறகு மடிந்தன. அவ்வளவு பெரிய உடம்பு விழும்போது தரை அதிர்ந்தது. கண்ணாத்தாள் அதன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “செவலே, ஏ செவலே, எந்திரி கண்ணு,” என்றாள். சோள விஷத்துக்கு வெல்லம் முறிவு என்று எங்கோ கேட்டது நினைவு வந்து, கரைத்து ஊற்றலாம் என்று மஞ்சுளா கத்தினாள். வீட்டுக்குள் ஓடி வெல்லத்தைத் தேடிக் கரைத்துக்கொண்டு வந்தாள். செவலை விழுங்கவில்லை. காலை நீட்டி ஒருமுறை இழுத்தது. அதன் கண் திறந்தபடியே நின்றுவிட்டது.

மஞ்சுளா தலையை நிமிர்த்தினாள். எதிரே கல்தூணில், சோற்றுப்பசையால் கோணாமல் ஒட்டி, ஓரத்தில் மஞ்சளும் தடவி, அந்தத் தாள் இருந்தது. பட்டம்: மாசி, பங்குனி. எழுத்து முத்து முத்தாகத்தான் இருந்தது.

தீர்த்தகிரி வந்தபோது வெள்ளச்சியும் தள்ளாட ஆரம்பித்திருந்தது. கழுத்து நரம்பில் ஊசி போட்டார். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். இதுவும் போய்விட்டால் இந்தப் பொம்பளைக்கு என்ன இருக்கிறது என்ற ஒரே நினைப்பில் மஞ்சுளா அதன் கழுத்தை விடவே இல்லை. வெயில் இறங்கும்போது வெள்ளச்சி ஒருமுறை பெருமூச்சு விட்டு, காதை ஆட்டி, தொட்டித் தண்ணீரை முகர்ந்தது. “பொழைச்சுக்கும்,” என்றார் டாக்டர்.

அப்போதுதான் கண்ணாத்தாள் மஞ்சுளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பு ஆரு பண்ணல? தெரிஞ்ச ஒடனே இந்த வெயில்ல ஓடியாந்தியே சாமி. நீ வல்லீன்னா ரெண்டும் போயிருக்கும்.”

தெரிந்தவுடனே! மஞ்சுளா வாயைத் திறந்தாள். அழுகை மட்டும் வந்தது, அதைக் கண்ணாத்தாள் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள்.

விதை பற்றிய தப்பை மயில்சாமியிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாள். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “பை மேல நீ எழுதினதப் பாத்துட்டு நானுந்தான் சும்மா இருந்தேன்,” என்று சொல்லி, கண்ணாத்தாளுக்கு ஒரு மாட்டை விலைக்குப் பிடித்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மஞ்சுளா யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்காமல் இளைத்துப்போனாள். ஆனியில் சீசன் முடிந்து வந்த மணிமாறன், “ஏன் இப்படி ஆயிட்ட?” என்று கேட்டான். அவனிடமும் சொல்லவில்லை. கடையின் முன்னால் யாராவது வயதான பெண் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், உள்ளே போய் மூட்டைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். கண்ணாத்தாள் வந்து திட்டிவிடுவாளோ என்பதல்ல அவள் பயம். வந்து மறுபடியும் நன்றி சொல்லிவிடுவாளோ என்பதுதான்.

புரட்டாசியில் அவள் வந்தேவிட்டாள். மூட்டைக்குப் பின்னால் போக நேரமில்லை. மயில்சாமியும் கடையில் இருந்தார், அந்த ரபிச் சோளப் பைகள் புதிதாக வந்து அலமாரியில் இருந்தன.

“அந்தப் பையக் குடு சாமி. இப்பத்தான அதுக்குப் பட்டம்?” என்றாள் கண்ணாத்தாள். மயில்சாமியைப் பார்த்து, “இந்தப் புள்ளை மட்டும் அன்னிக்கு ஓடியாரலீன்னா என்ர வெள்ளச்சியும் இல்லீங்க,” என்றாள்.

மஞ்சுளா மேசையைப் பிடித்துக்கொண்டாள். லாரிக்கு முன்னால் இறங்கியபோதுகூட அவள் இப்படிப் பயந்ததில்லை.

“ஒடனே வல்லீங்கம்மா,” என்றாள். “பதினோரு மணிக்கே எனக்குத் தெரியுமுங்க. ஆரு என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துக்கிட்டு ஒரு மணி நேரம் இங்கதான் உக்காந்திருந்தேன். ஒடனே வந்திருந்தா நீங்க தட்டே அறுத்திருக்க மாட்டீங்க. செவலை இருந்திருக்கும்.”

மயில்சாமி பேனாவை மூடி வைத்தார். கண்ணாத்தாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியது, முகம் இறுகியது. பிறகு அலமாரியிலிருந்து தானே ஒரு பையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“வெதைக்கிற மாசம் எது, அறுக்கிற மாசம் எது? ரெண்டையும் வாயால சொல்லு.”

“புரட்டாசி, ஐப்பசியில வெதைக்கறதுங்க. மாசி, பங்குனியில அறுக்கறதுங்க.”

“இன்னொருக்காச் சொல்லு.”

மஞ்சுளா சொன்னாள். மூன்றாம் முறையும் கண்ணாத்தாள் கேட்டாள், மஞ்சுளா சொன்னாள். பிறகு கண்ணாத்தாள் அதை எழுதித் தரச் சொன்னாள். இந்த முறை எழுத்து முத்து முத்தாக வரவில்லை, கோணல்மாணலாக வந்தது. கண்ணாத்தாள் தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சாமி என்று கூப்பிடாமலே படி இறங்கினாள். இறங்கியவள் ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

“இனியொருக்கா அப்படி ஆச்சுன்னா, பயந்துக்கிட்டே வா. ஆனா வந்துரு.”

சாலையோரத்தில் கண்ணாத்தாள் விதைப் பையோடு நின்று, லாரிகளுக்கு இடையில் வழி பார்த்தாள். மஞ்சுளா கடையை விட்டு இறங்கி ஓடிப்போய் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். கண்ணாத்தாள் பையை விடாமல் இழுத்துப் பிடிக்கவில்லை. மஞ்சுளாவுக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் சாலையைக் கடந்தார்கள். இந்த முறை முன்னால் போனது மஞ்சுளா.